கட்டடம் கடைசியில்: தருமபுரிப் பக்கம் பெற்றோர் சேர்ந்து ஒரு பள்ளி தொடங்க

மாற்றுப் பள்ளி, அதாவது பரீட்சையைச் சுற்றி ஓடாமல் குழந்தையின் கேள்வியிலிருந்து படிப்பைத் தொடங்கும் பள்ளி, தொடங்க வேண்டும் என்று எங்களிடம் பேச வருகிறவர்களில் பாதிப்பேர் முதலில் நீட்டுவது போனில் இருக்கும் ஒரு நிலத்தின் படத்தை. பென்னாகரம் சாலையில் இரண்டு ஏக்கர் கொல்லை, நாலு புளியமரம், ஒரு கிணறு. "இங்கே ஒரு கொட்டாய் போட்டு ஆரம்பிச்சிடலாம்னு இருக்கோம்" என்பார்கள். நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். பாலக்கோட்டுப் பக்கம் ஐந்து குடும்பங்கள். நிலம் பார்ப்பதிலேயே எட்டு மாதம் போய்விட்டது. அந்த எட்டு மாதமும் குழந்தைகள் பழைய பள்ளிக்கே போய்வந்தார்கள்.

என் மகள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வாய் ஓயாதவள். தொப்பூர் இறக்கத்தில் லாரிகள் ஏன் இப்படி உறுமுகின்றன, இறக்கத்தில் சும்மா விட்டாலே ஓடுமே என்று ஐந்து வயதில் கேட்டவள். இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் எதைக் காட்டினாலும் "இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்க ஆரம்பித்தாள். நிலம் கிடைக்கும்வரை காத்திருக்க முடியாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதனால் இந்தக் கட்டுரையின் வரிசை கொஞ்சம் தலைகீழாகத் தெரியலாம். முதலில் மனிதர்கள், அப்புறம் குழந்தைகளின் ஒரு நாள், அப்புறம் சட்டமும் பணமும். கட்டடம் கடைசியில் வரும்.

1. போய்ப் பாருங்கள்

நம் பக்கம் இதற்கு அதிர்ஷ்டம் செய்த பக்கம். நாகர்கூடலில் புவிதம் என்ற பள்ளி இருபது ஆண்டுக்கு மேலாக நடக்கிறது. மீனாட்சி உமேஷ் தொடங்கியது. வறண்ட நிலத்தில் விவசாயமும் படிப்பும் ஒன்றாக நடக்கும் இடம். அரூருக்கு அந்தப் பக்கம் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் துளிர் கற்றல் மையம் இருக்கிறது. 1993-இல் பழங்குடி மக்களுக்காக மருத்துவமனை தொடங்கப்பட்ட அதே பள்ளத்தாக்கு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சிங்காரப்பேட்டை அருகே புளியானூரில் குக்கூ காட்டுப்பள்ளி. கொஞ்சம் தள்ளிப் போனால் திருவண்ணாமலையில் மருதம் பண்ணைப் பள்ளி.

முன்கூட்டியே கேட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் சுவரில் இருக்கும் ஓவியம்தான் மனதில் நிற்கும். காலை முதல் சாயங்காலம் வரை ஒரு மூலையில் உட்காருங்கள். இரண்டு பேர் அடித்துக்கொண்டால் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள், எட்டு வயதுக் குழந்தை எதை வாசிக்கிறது, கேள்வி கேட்ட குழந்தைக்கு எத்தனை விநாடியில் பதில் வருகிறது என்று கவனியுங்கள். கிளம்பும்முன் இரண்டே கேள்வி கேளுங்கள்: இங்கிருந்து போன பிள்ளைகள் இப்போது என்ன செய்கிறார்கள்? ஆசிரியர் சம்பளம் எங்கிருந்து வருகிறது?

உங்கள் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியையும் விட்டுவிடாதீர்கள். செயல்வழிக் கற்றல் 2007 வாக்கில் மாநிலம் முழுக்க அரசுப் பள்ளிகளுக்கு வந்ததே, வண்ண அட்டைகளும் குழந்தைகள் எட்டி எழுதும் தாழ்வான கரும்பலகையும், அதை நடத்திப் பார்த்த ஆசிரியர்கள் இன்றும் இருக்கிறார்கள். எது ஓடியது, எது வெறும் சடங்காகப் போனது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. சில ஊர்களில் புதுப் பள்ளியே தேவைப்படாது என்பதையும் மனம்விட்டுச் சொல்கிறேன். நல்ல தலைமை ஆசிரியர் இருந்தால், கல்வி உரிமைச் சட்டப்படி முக்கால் பங்கு பெற்றோரே இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர்ந்து, அந்தப் பள்ளிக்குள்ளேயே நிறையச் செய்யலாம்.

2. ஐந்து குடும்பம், ஒரு நோட்டு

இரண்டு குடும்பம் போதாது. ஒன்று விலகினால் எல்லாம் நின்றுவிடும். பதினைந்து குடும்பம் முதல் நாளே வேண்டாம், கூட்டத்திலேயே பொழுது போய்விடும். ஐந்திலிருந்து எட்டு சரியான அளவு.

கூடி உட்கார்ந்ததும் கல்விக் கொள்கை பேசாதீர்கள். சங்கடமானவற்றைப் பேசுங்கள், ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வீட்டில் பிள்ளையை அடிக்கிற பழக்கம் யாருக்கு இருக்கிறது, அதை விடத் தயாரா? பிள்ளை ஏழு வயதில் இன்னும் கோர்வையாக வாசிக்கவில்லை என்றால் எத்தனை நாள் பொறுமையாக இருப்பீர்கள்? தொடங்கியவர்களில் ஒருவர் தன் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றினால், அவர் குழுவில் தொடர்வாரா? போட்ட பணம் திரும்புமா? இந்தக் கடைசிக் கேள்வியை நாங்கள் எழுதி வைக்கவில்லை. இரண்டாம் வருடம் ஒரு குடும்பம் விலகியபோது ஆறு மாதம் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தோம். பிள்ளைகளுக்கு அது எல்லாமே தெரிந்தது.

இன்னொன்று, சாதி. மதியச் சாப்பாட்டை ஒரே பாத்திரத்தில் சமைப்போம், யார் வேண்டுமானாலும் சமைப்பார்கள், எல்லாப் பிள்ளையும் ஒரே வரிசையில் உட்காரும் என்று முதல் கூட்டத்திலேயே வாய்திறந்து சொல்லுங்கள். "நம்ம எல்லாம் அப்படி இல்லைங்க" என்று நகர்ந்து போக விடாதீர்கள். இதற்குத் தயங்குகிற குடும்பம் அன்றைக்கே விலகுவது எல்லோருக்கும் நல்லது.

தாத்தா பாட்டிகளைக் கண்டிப்பாக அழையுங்கள். நம் வீடுகளில் முடிவு அவர்களிடம்தான் இருக்கிறது. "பத்தாவது எப்படிப்பா எழுதுவான்?" என்று அவர்கள் கேட்பதற்கு உங்களிடம் நேரான பதில் இருக்க வேண்டும். அது ஆறாம் படியில் வருகிறது.

3. ஒரு வருடம் சனிக்கிழமை மட்டும்

பிள்ளைகளை இருக்கும் பள்ளியிலிருந்து எடுக்காதீர்கள். சனிக்கிழமை காலையும், வாரத்தில் இரண்டு மாலையும் போதும். யார் வீட்டுத் திண்ணையிலாவது, புளியமரத்தடியிலாவது கூடுங்கள். பள்ளி நேரத்துக்கு வெளியே இப்படிக் கூடுவதற்கு எந்த அங்கீகாரமும் தேவையில்லை. செலவும் அதிகம் இல்லை.

இந்த ஒரு வருடத்தில் மூன்று விஷயம் தெரியவரும். எந்தப் பெற்றோர் சொன்ன நேரத்துக்கு வருகிறார்கள், யாருக்குக் குழந்தைகளோடு இருக்கும் பொறுமை இருக்கிறது, நம் ஆசையில் எவ்வளவு குழந்தைக்கானது, எவ்வளவு நம் சொந்தப் பள்ளிக்கூட நாட்களின் மேல் இருக்கும் கோபம். மூன்றாவது எனக்குத் தெரிய ரொம்ப நாளானது. பரீட்சை என்ற சொல்லையே எங்கள் பள்ளிக்குள் விடக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். பிள்ளைகளோ தாங்களே ஒருவருக்கொருவர் கணக்குப் போட்டி வைத்துச் சந்தோஷமாக விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

சாமான்கள் வாங்க ஓடாதீர்கள். புளியங்கொட்டை, படி, உழக்கு, தராசு, அளவு நாடா, ஒரு பூதக்கண்ணாடி. தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் இருந்தால் முக்கோணம், சதுரம், பிரமிடு எல்லாம் செய்யலாம். தூக்கிப்போடும் பொருளில் அறிவியல் பொம்மை செய்ய அரவிந்த் குப்தா பல வருடமாகக் கற்றுக்கொடுத்து வருகிறார், அவர் செய்முறைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்தும் துளிர் இதழுக்குச் சந்தா கட்டுங்கள். சிட்டிலிங்கித் துளிர் வேறு, இது வேறு.

4. ஒரு கேள்வியை எப்படி ஒரு மாதம் வைத்திருப்பது

இதுதான் பள்ளியின் உயிர், அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஒரு சனிக்கிழமை ஏழு வயதுப் பையன் ஒருவன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாத்தாவைப் பார்த்துவிட்டு, "தாத்தா பல்லே தேய்க்க மாட்டாரா? ஏன் இவ்வளவு பழுப்பா இருக்கு?" என்று உரக்கக் கேட்டுவிட்டான். எல்லோருக்கும் சங்கடம். எங்களில் ஒருவருக்குப் பதில் தெரியும். வாயெடுத்தார். அன்று பொறுப்பில் இருந்த அக்கா அவரைக் கண்ணால் நிறுத்தினார். பிள்ளைகளிடம் திரும்பி, "ஆமா, ஏன் அப்படி இருக்கு? யாரைக் கேட்டா தெரியும்?" என்றார்.

தாத்தாவே முதலில் பேசினார். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், வேப்பங்குச்சியில் தேய்த்தும் போகவில்லை என்றார். அடுத்த வாரம் பிள்ளைகள் இருபது வீட்டுக்குப் போனார்கள். பெயர் எழுதவில்லை, அது எங்கள் விதி. வயது, பிறந்து வளர்ந்த ஊர், சின்ன வயதில் குடித்த தண்ணீர், பல்லில் கறை உண்டா இல்லையா, அவ்வளவுதான். புளியங்கொட்டையைத் தரையில் அடுக்கிப் பார்த்தார்கள். இங்கேயே வளர்ந்தவர்களின் வரிசை நீளமாக இருந்தது. வெளியூரிலிருந்து கல்யாணமாகி வந்த பாட்டிகளின் வரிசையில் கறையே இல்லை. "அப்போ வயசானதால வரல" என்று ஒரு பெண் சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக இரண்டு வாரம் காத்திருந்தோம்.

அப்புறம் தண்ணீர் பக்கம் போனோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு கரைகிறது. பல்லின் மேற்பூச்சு உருவாகும் சின்ன வயதில் அது உடம்பில் அதிகமாகச் சேர்ந்தால் கறை நிலைத்துவிடும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5-ஐத் தாண்டக் கூடாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டி ஒரு போர் தண்ணீரையும் ஒரு கிணற்றுத் தண்ணீரையும் சோதித்தோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எதற்காக வந்தது, 2013-இல் அது வந்தபின் பிறந்த தங்கைகளின் பல் எப்படி இருக்கிறது என்று பிள்ளைகளே பார்க்கத் தொடங்கினார்கள். அறிவியல், கணக்கு, புவியியல், பஞ்சாயத்துக்கு ஒரு கடிதம், எல்லாம் அதில் வந்துவிட்டது. எல்லாவற்றையும்விட, தாத்தாவின் பல்லைப் பார்த்துச் சிரித்த பிள்ளைகள் அவரிடம் போய் "உங்க தப்பு இல்ல தாத்தா" என்றார்கள்.

இதை நீங்கள் செய்ய நினைவில் வைக்க வேண்டியவை கொஞ்சம்தான். குழந்தை கேட்டதும் பதில் சொல்லாதீர்கள், அதற்காகத் தெரியாதது போல நடிக்கவும் வேண்டாம். "எனக்கு ஒரு பதில் தெரியும், நீங்க கண்டுபிடிச்சப்புறம் சொல்றேன்" என்றால் பிள்ளைகள் அதை மதிக்கிறார்கள். கேள்விகளைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். பத்தில் ஒன்றுதான் ஒரு மாதம் தாங்கும். மீதி ஒன்பது உதிர்ந்து போகட்டும். பெரியவர் தலைப்பு கொடுத்து, "இந்த மாதம் நீர்" என்று சார்ட் ஒட்டி ஆரம்பிக்கும் திட்டங்கள் எங்களிடம் பெரும்பாலும் மூன்றாம் நாளே சோர்ந்துவிட்டன.

நம் மண்ணில் கேள்விக்குப் பஞ்சமில்லை. பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் பொது ஆண்டுக்கு முன் 2172 என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. நாலாயிரம் வருடத்துக்கு முன் இங்கே யார் எதை உருக்கினார்கள்? தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. மாடுகளை மீட்கப் போய் இறந்தவனுக்கு எதற்குக் கல் நட்டார்கள், நம் ஊர் ஏரிக்கரையில் மஞ்சள் பூசி வைத்திருக்கும் கல்லும் அதுதானா? அதியமான் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனியில் அப்படி என்ன இருந்தது? மாங்காய்க் காலத்தில் கிருஷ்ணகிரிக் கூழ் ஆலைகளில் மலைபோலக் குவியும் கொட்டை எங்கே போகிறது? தக்காளி ஒரு வாரம் கூடைக்கு நல்ல விலை, அடுத்த வாரம் ரோட்டோரத்தில் ஏன் கொட்டிக் கிடக்கிறது? கடைசிக் கேள்வியைப் பாலக்கோட்டுப் பிள்ளைகள் விடவே மாட்டார்கள், அவர்கள் வீட்டுப் பிரச்சினை அது.

5. வாசிப்பையும் கணக்கையும் விட்டுவிடாதீர்கள்

மாற்றுப் பள்ளிகளைப் பற்றி எனக்கு ஒரே ஒரு மனக்குறை உண்டு. "குழந்தை தயாரானதும் தானாக வாசிக்கும்" என்ற நம்பிக்கை. வீடு நிறையப் புத்தகம், ராத்திரி கதை வாசித்துக் காட்டும் அம்மா என்று இருக்கும் குழந்தை தானாக வாசித்துவிடலாம். அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய், பாட்டியோடு வளரும் குழந்தைக்கு அந்த வாய்ப்பு இல்லை. அந்தக் குழந்தைக்கு நாம் எழுத்தைக் கற்றுக்கொடுக்காமல் காத்திருப்பது அநியாயம்.

தினமும் முக்கால் மணி நேரம் எழுத்துக்கும் வாசிப்புக்கும், முக்கால் மணி நேரம் கணக்குக்கும். மழை வந்தாலும், ஊர்ப் பண்டிகை வந்தாலும், சுவாரசியமான திட்டம் ஓடிக்கொண்டிருந்தாலும் இது நிற்கக் கூடாது. 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிக்க வைக்கத் தேவையில்லை. பட்டம், படம், பாடம் என்று குழந்தைக்குத் தெரிந்த சொற்களிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்தால், ஒரு குறி எப்படி ஒலியை மாற்றுகிறது என்பது பிடிபட்டுவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குழந்தையையும் தனியாக உட்கார வைத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள், தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். எட்டு வயதில் தடுமாறினால் அதை மறைக்காமல் பெற்றோரிடம் சொல்லுங்கள், கூடுதல் நேரம் கொடுங்கள்.

வீட்டில் தெலுங்கோ கன்னடமோ லம்பாடியோ பேசும் பிள்ளைகள் உங்கள் பள்ளியில் நிச்சயம் இருப்பார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் அவர்கள்தான் அதிகம். முதல் வருடம் அந்த மொழியில் பேசும் ஒரு பாட்டியாவது வாரம் இருமுறை வந்து கதை சொல்லட்டும். குழந்தை தன் மொழியில் கேள்வி கேட்டால் தமிழில் மாற்றிக் கேள் என்று திருத்தாதீர்கள். முதலில் கேள்வி வரட்டும்.

6. சட்டம், சான்றிதழ், பத்தாவது

சனிக்கிழமை வருடம் முடிந்தது, முழு நேரமாக நடத்தலாம் என்று முடிவெடுத்தால் இங்கே நிதானம் வேண்டும். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவுப்படி அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தக் கூடாது. மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10,000 வரை. வீட்டுவழிக் கல்வியைச் சட்டம் வெளிப்படையாகத் தடுக்கவும் இல்லை, அனுமதிக்கவும் இல்லை. ஐந்து வீட்டுப் பிள்ளைகள் ஒரு வீட்டில் கூடிப் படிப்பது அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. பலர் அப்படி நடத்துகிறார்கள். நாங்கள் இரண்டு வருடம் அப்படி இருந்தோம், நிம்மதியாகத் தூங்கவில்லை. அங்கீகாரம் பெற்ற தொடக்கப் பள்ளியாக நடத்துவதுதான் என் பரிந்துரை.

அங்கீகாரம் வாங்கினால் சுதந்திரம் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். சட்டத்தின் அட்டவணையைத் தமிழில் வாங்கி ஒருமுறை படியுங்கள். ஒன்று முதல் ஐந்து வரை வருடத்துக்கு 200 வேலை நாள், 800 கற்பித்தல் மணி நேரம். வகுத்துப் பார்த்தால் நாளுக்கு 4 மணி நேரம். மீதி நேரம் நம்முடையது. 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர். அவர்களுக்கு ஆசிரியர் பட்டயமும் தகுதித் தேர்வுத் தேர்ச்சியும் இருக்க வேண்டும். அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் சட்டமே தடுக்கிறது. தமிழை ஒரு பாடமாகக் கற்பிக்க வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். இவற்றில் எது நம் ஆசைக்குக் குறுக்கே வருகிறது?

காகித வேலையின் வரிசை இது. ஏழு பேர் இருந்தால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி சங்கமாகப் பதியலாம், இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம். பெற்றோர் நடத்தும் பள்ளிக்கு அறக்கட்டளையே நல்லது என்பேன், சங்கத்தில் சில வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் வந்து ஆள் சேர்க்கும் வேலை தொடங்கிவிடும். ஆனால் அறங்காவலர்கள் எத்தனை வருடத்தில் மாற வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். அப்புறம் பான் எண், வங்கிக் கணக்கு. அதன்பின் நான்கு சான்று: கட்டட உறுதிச் சான்று, வட்டாட்சியரிடம் கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று. இவற்றோடு தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் விண்ணப்பம். இடத்தை வாடகைக்குப் பேசும் முன்பே ஒருமுறை அந்த அலுவலகத்துக்குப் போய், நிலத்தின் அளவு, குத்தகைக் காலம் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். ஒரு அலுவலகத்தில் எங்கள் கோப்பு ஏழு மாதம் தூங்கியது. கொடுத்த ஒவ்வொரு காகிதத்துக்கும் தேதியோடு ஒப்புகை வாங்கி வைத்திருந்ததால்தான் தப்பித்தோம்.

இனி பத்தாவது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம், வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும். மாநிலத் தேர்வுத் துறையில் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத 12½ வயது ஆகியிருக்க வேண்டும். வழி இருக்கிறது, தாத்தாவிடம் சொல்லலாம்.

ஆனால் இதையும் சொல்லியாக வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் அப்படிப் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் பையனுக்கும் அதே. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டுக்குப் பள்ளிக் காலம் முழுவதற்கும் சான்று கேட்பார்கள். வசதியுள்ள குடும்பம் இதை இழந்தாலும் தாங்கும். மாங்காய்த் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் அம்மாவிடம் இதை மறைத்துவிட்டு அவர் பெண்ணைச் சேர்த்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

அதனால் எங்கள் முடிவு: ஐந்தாம் வகுப்பு வரை நாங்கள், ஆறாவதில் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கு. மாற்றுச் சான்றிதழும் கல்வித் தகவல் மேலாண்மை (EMIS) எண்ணும் சரியாக இருந்தால் ஒரு சிக்கலும் இல்லை. இடையிலேயே நம் முயற்சி நின்றுபோனாலும், கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. சனிக்கிழமைக் கூட்டம் மட்டும் பெரிய பிள்ளைகளுக்கும் தொடர்கிறது. எட்டாவது படிக்கும் என் மகள் இப்போதும் வருகிறாள்.

7. ஆசிரியரும் பணமும்

எங்கள் பள்ளியில் ஆசிரியரை அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிடுகிறார்கள். வேலைக்குத் தேடும்போது ஊருக்குள்ளேயே தேடுங்கள். பட்டயம் படித்துவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் ஊருக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள். நேர்காணல் வேண்டாம். ஒரு வாரம் குழந்தைகளோடு இருக்கச் சொல்லுங்கள், அந்த வாரத்துக்குச் சம்பளம் கொடுங்கள். குழந்தை தப்பாகச் சொன்னால் சிரிக்காமல், "எப்படி அப்படி நெனச்ச?" என்று கேட்கிறவர்தான் நமக்கு வேண்டியவர்.

கணக்கு எளிது. 15 குழந்தைகள், 2 ஆசிரியர், ஆளுக்கு 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், 30,000. வாடகை, சாப்பாடு, மின்சாரம், பொருட்களுக்கு 15,000. மொத்தம் 45,000-ஐ 15-ஆல் வகுத்தால் குழந்தைக்கு 3,000. கூலிக் குடும்பத்தால் இது முடியாது. முடிந்தவர்கள் 5,000, முடியாதவர்கள் 500, கேழ்வரகு மூட்டையாகவோ சமையலுக்கு வந்து வேலையாகவோ கொடுப்பவர்களுக்கு அதுவே கட்டணம். யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பது கணக்குப் பார்க்கும் ஒருவருக்கு மட்டும் தெரியட்டும். நன்கொடையை நம்பி ஆசிரியர் சம்பளத்தைத் திட்டமிடாதீர்கள். நன்கொடை புத்தகத்துக்கும் பயணத்துக்கும்.

8. பிள்ளைகள் பத்திரம்

வெளியே சுற்றும் பள்ளிக்கு இது இரண்டு மடங்கு முக்கியம். நம் கொல்லைகளில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் நிறைய. பள்ளியைச் சுற்றி அரை கிலோமீட்டருக்குள் இருக்கும் கிணறுகளை எண்ணி, உரிமையாளரிடம் பேசி வேலி கட்டுங்கள். ஏழு வயதானதும் எல்லாப் பிள்ளையும் நீச்சல் கற்கட்டும். குடிநீரைச் சோதிக்காமல் போர் தண்ணீரைக் கொடுக்காதீர்கள், காரணம் மேலேயே இருக்கிறது. பாம்புக் கடிக்கு விஷமுறிவு மருந்து பக்கத்து அரசு மருத்துவமனையில் இருக்கிறதா என்று முன்பே கேட்டு வையுங்கள். கடித்த இடத்தைக் கீறவோ இறுக்கிக் கட்டவோ கூடாது, அசையாமல் வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும் என்பது எல்லாப் பெரியவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. தொடங்கியவர்கள் உட்பட யாருக்கும் விலக்கு இல்லை. குழந்தைக்குப் பாலியல் தொந்தரவு நடந்ததாகத் தெரிந்தால், 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். பள்ளிப் பெயர் கெடும் என்று உள்ளுக்குள் பேசி முடிப்பது குற்றம். 1098 எண்ணைக் குழந்தைகள் உயரத்தில் எழுதி ஒட்டுங்கள்.

9. இப்போது கட்டடம்

முதல் இரண்டு மூன்று வருடம் வாடகை வீடே போதும். அதற்குள் எந்தச் சுவர் வேண்டும், எது வேண்டாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கட்டும்போது ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்: ஓலைக் கூரை வேண்டாம். மாற்றுப் பள்ளி என்றதும் கீற்றுக் கொட்டாய்தான் நம் மனதில் வருகிறது, குளிர்ச்சி, அழகு, செலவும் குறைவு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளிகளுக்குக் கீற்றுக் கூரை கூடாது என்று ஆனது. எங்கள் முதல் கொட்டகை கீற்றுதான். ஒரு அக்கா அந்தச் செய்தியை நினைவுபடுத்திய அன்றே பிரித்தோம். நாட்டு ஓடு போடுங்கள், உயரமாகப் போடுங்கள், ஒவ்வொரு அறைக்கும் இரண்டு வாசல் வையுங்கள், கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். ஜன்னலைக் குழந்தை உட்கார்ந்தபடி வெளியே பார்க்கும் உயரத்தில் வையுங்கள். ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, அதில் எப்போதும் தண்ணீர்.

அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டும் நாளில் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கொத்தனார் ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி அளந்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பார்த்துத்தான் மூலைமட்டம் பிடிப்பார். ஏன் ஐந்தடி, ஆறு வந்தால் என்ன ஆகும் என்று பிள்ளைகள் அவரைத் துளைத்து எடுப்பார்கள், ஆளுக்கொரு மூலையை அளந்து பார்க்கக் கயிற்றைக் கேட்பார்கள். அன்றைக்கு வேலை பாதிதான் நடக்கும். கொத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லி, அந்த ஒரு நாளைக்கும் முழுக் கூலி பேசி வைத்துவிடுங்கள்.